விளக்குப் பக்கம் வேண்டாம்

“உறுப்பினருங்க தங்களோட சொந்த நலன் பத்தி எழுதிக் குடுத்திருக்காங்கல்ல, அந்த ரெஜிஸ்டரைப் பார்க்கணும்.”

பாக்கியலட்சுமி கேட்டே விட்டாள். 

பத்திரிகையில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் அப்துல் கையூம் அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். “நகர மன்றத்துக்குப் போனா குழாயில தண்ணி வரலைன்னு கேளு. கொசு மருந்து ஏன் அடிக்கலைன்னு கேளு. தலைவரு காலையில என்ன சாப்பிட்டாருன்னுகூடக் கேளு, தப்பில்ல. அந்த ஒரு ரெஜிஸ்டரை மட்டும் எந்தக் காலத்திலயும் கேட்டுராதம்மா. நமக்கு வர்ற விளம்பரத்துல பாதி அந்தக் கட்டடத்துலேருந்துதான் வருது.”

கவுண்டருக்குப் பின்னால் இருந்த தங்கராஜு அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர். தமிழர் சங்கத்து நாடகங்களில் ராஜா வேஷம் கட்டுகிறவர். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“எதுக்கு பாக்கியம்?”

“பார்க்கத்தான்.”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே.”

“அதுக்கு நான் என்னண்ணே பண்றது? உங்க தலைக்கு மேல எழுதி மாட்டியிருக்கே.”

மாட்டித்தான் இருந்தது. சட்டம் போட்ட கண்ணாடிக்குள், பழுத்துப்போன காகிதத்தில், ஊரில் குடியிருக்கும் எவரும் வேலை நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தங்கராஜு தலையைத் திருப்பி, தன் தலைக்கு மேல் இத்தனை வருஷம் என்ன தொங்கியது என்று இன்றுதான் தெரிந்துகொள்கிறவர் போலப் படித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். மின்விசிறி சுற்றியது. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், தடித்த அட்டைப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, “பார்க்கிறவங்க பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போடணும்” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “போடாமத் திரும்பிப் போயிடு பாக்கியம். இந்தக் கையெழுத்து மத்தியானத்துக்குள்ள மேல போயிடும்” என்றார்.

பார்வையாளர் பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் வரியில் அவள் தன் பெயரை எழுதினாள். விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றது. அவளுக்கு இருப்பது ஒரே விலாசம். ஜாலான் புசாருக்குப் பின்னால் மன்றத்துத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய லைன், மேல் மாடி, கடைசிக்கு முந்தின அறை. அவள் அப்பா கோவிந்தசாமி குப்பை லாரியில் வேலை பார்ப்பதால் மன்றம் கொடுத்த அறை. வேலை போனால் அறை போகும்.

எழுதினாள்.

அவள் தேடியது பாலகிருஷ்ணனின் பக்கம். அவர்கள் வட்டாரத்து உறுப்பினர், தொழிலாளர்களின் காவலர் என்று சுவரெல்லாம் எழுதப்பட்டவர். போன வருஷம் அவள் பட்டம் வாங்கியபோது, லைனிலிருந்து புக்கிட் தீமா பல்கலைக்கழகம் போய் வந்த முதல் பெண் என்று மேடை போட்டு மாலை போட்டவரும் அவர்தான்.

விதி எளிதானது. மன்றத்தோடு தொழில் நடத்தும் எவரும் உறுப்பினருக்கோ அவர் மனைவிக்கோ கூடப்பிறந்தவராக இருந்தால், அதை எழுதித் தந்துவிட வேண்டும். எழுதித் தந்த உறுப்பினர், அந்த ஆளின் டெண்டருக்குக் கை தூக்கக் கூடாது. பாலகிருஷ்ணனின் பக்கத்தில், மனைவியின் கூடப்பிறந்தவர்கள் என்ற கேள்விக்கு நேரே, அழகான சாய்வெழுத்தில் ‘யாரும் இல்லை’ என்று இருந்தது.

அப்படியானால் காண்டிராக்டர் வடிவேலு யார்?

நாளைக் காலை மன்றம் கூடுகிறது. லைனின் எட்டுக் கட்டடங்களையும் பழுது பார்க்கும் வேலையை வடிவேலுவுக்குக் கொடுக்கலாமா என்று கை தூக்கப் போகிறார்கள். அந்த வடிவேலு கட்டிய குளியலறைச் சுவர்தான் போன மழையில் சரிந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவின் மேல் விழுந்தது. பூவம்மாவின் வலது மணிக்கட்டு கோணலாகவே கூடியது. பாலகிருஷ்ணன் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். பாக்கியம் அந்தச் சுவரின் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். மாவு மாதிரி உதிர்ந்தது. கீழே அது குளியலறை. மேல் மாடியில் அதே மாவில் நடைபாதை போட்டால் விழப்போவது சுவர் இல்லை, ஆட்கள்.

*

“பாலகிருஷ்ணன் வடிவேலுவோட மச்சான்னு உனக்கு யார் சொன்னா?” அப்துல் கையூம் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“யாரும் சொல்ல வேணாம் சார், நானே பார்த்தேன். பாலகிருஷ்ணன் மகளுக்குக் காதுகுத்து நடந்துச்சுல்ல, நம்ம பத்திரிகைக்கு நான்தானே போனேன். பிள்ளையை மடியில வச்சிருந்தது வடிவேலு. மாமன் சீர்னு தட்டுத் தட்டா வந்துச்சு.”

ஆசிரியர் சிரித்தார். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. “சிராங்கூன் ரோட்டுல பாதிப் பேரு மிச்சப் பாதிப் பேருக்கு மச்சான்லா. உங்க ஆளுங்கள்ல பொண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லைன்னா வேண்டப்பட்டவன் எவனையாச்சும் உக்கார வைக்கிறது உண்டா இல்லையா?”

உண்டு.

“மடியில உக்கார வச்சான்னு நீ எழுதினா, மடியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன்பான். அப்புறம் மான நஷ்ட வழக்கு. அச்சு மெஷினை வித்துத்தான் வக்கீலுக்குக் குடுக்கணும்.” கோப்பையை வைத்தார். “ரெண்டு பேருமே ஈப்போ பக்கத்து ஆளுங்க. இங்க வந்து மூணு வருஷம்தான் ஆகுது. அவங்க பூர்வீகம் இங்க யாருக்கும் தெரியாது. உனக்கு மனசுல தெரியும். மனசுல தெரியறது கோர்ட்டுக்கு ஆகாதும்மா.”

“நாளைக்குக் கை தூக்கப் போறாங்க சார்.”

“தூக்கட்டும். புகார் குடுக்கணும்னா உன் பேருல, உன் கையெழுத்துல, தலைவர்கிட்ட நீயே குடு. பத்திரிகை பேரு அதுல வரக் கூடாது.” பிறகு கேட்டார். “விலாசம் எழுதினியா அங்க?”

“எழுதினேன்.”

“அல்லாவே” என்று மெல்லச் சொன்னார் அப்துல் கையூம்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. டெலிபோன் அடித்தபோதெல்லாம் தோள் தூக்கிப்போட்டது. தனக்குப் பயம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கோபம்தான் அவளுக்குத் தெரியும். வகுப்பில் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் மேல் கோபம், லைனைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற கார்க்காரர்கள் மேல் கோபம். இன்று அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு நடக்கையில் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்ததற்கு, கடை முன்னாலிருந்த அஞ்சடி நடையோரம் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தவர் மேல் போய் மோதினாள்.

*

லைன் வாசலில் கறுப்புக் கார் நின்றது.

அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடி எங்கே போவது? மாடிப்படியில் ஏறினாள். வழக்கமாக அந்த நேரத்தில் நடைபாதையில் பெண்கள் அரிசி களைவார்கள், ரேடியோ பாடும். இன்று எல்லோரும் அவரவர் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

பாலகிருஷ்ணன் அவர்கள் வீட்டு வாசலில், நடைபாதைக் கம்பியில் சாய்ந்தபடி நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சிரித்த முகம். அவள் அப்பா கோவிந்தசாமி எதிரே வேலைக் காக்கியைக்கூட மாற்றாமல் நின்றிருந்தார். இருந்த ஒரே நாற்காலியை அறைக்குள், சாமி படத்துக்கும் விளக்குக்கும் பக்கத்தில், துடைத்துப் போட்டிருந்தாள் பூவம்மா. அது காலியாகக் கிடந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது.

“வா தங்கச்சி. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றார் பாலகிருஷ்ணன்.

“உள்ள வந்து உக்காருங்கய்யா. எம்புட்டு நேரமா நிக்கிறீங்க” என்றாள் பூவம்மா. கோணல் கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

“இருக்கட்டும்மா. இங்கயே காத்து நல்லா வருது.” அவர் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். “ஆபீஸ்ல ஏதோ ரெஜிஸ்டர் பார்த்தியாமே. என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா. நான் என்ன அந்நியனா? உனக்கு மாலை போட்டவன்லா.”

“வடிவேலு உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கூடப்பிறந்தவரா?” என்றாள். சத்தமாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டாள், பாதிதான் வெளியே வந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இதான் விஷயமா? காதுகுத்துல பார்த்திருக்கே, அதானே? என் வீட்டுக்காரி ஒத்தைப் பொண்ணும்மா. மாமன் இல்லாம சபையில பிள்ளை அழுதா நல்லாவா இருக்கும்? ஊர்க்காரராச்சேன்னு அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சோம். கோவிந்தசாமிண்ணே, நம்மள்ல இல்லாத வழக்கமா சொல்லுங்க?”

“உள்ள வழக்கம்தாங்கய்யா” என்றார் கோவிந்தசாமி அவசரமாக. மகளைப் பார்த்து, போதும் என்று கண்ணால் கெஞ்சினார்.

அவ்வளவுதான். ஆசிரியர் சொன்னது சரிதான். அவள் கையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்காக விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“ஐயா ஒரு வாய்த் தேத்தண்ணியாவது...” பூவம்மா இடது கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு மறுபடி நாற்காலியைக் காட்டினாள். பாலகிருஷ்ணன் மறுபடி கையை உயர்த்தி மறுத்தார். நிலைப்படிக்கு ஓர் அடி தள்ளியே அவருடைய செருப்பு நின்றது. அந்த இடைவெளியை அப்பா பார்த்துக்கொண்டிருப்பதைப் பாக்கியம் பார்த்தாள். அப்பாவின் முகம் சுருங்கி, பழக்கப்பட்ட ஏதோ ஒன்றை விழுங்கியது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கோயிலில், கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்த முகம்.

காலையிலிருந்து காணாமல் போயிருந்த கோபம் அப்போது வந்தது.

“ஏங்கய்யா, எங்க வீட்டுக்குள்ள கால் வச்சா ஒட்டிக்குமா?”

நடைபாதை முழுக்கக் கேட்டது.

“பாக்கியம்” என்றார் அப்பா.

“ஓட்டுக் கேக்க வந்தப்போ எங்க அடுப்படி வரைக்கும் வந்தீங்க. இப்போ என்ன? குப்பை வண்டிக்காரன் வீட்டு நாற்காலியில உக்காந்தா வேட்டி அழுக்காயிருமா?”

பாலகிருஷ்ணன் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். அத்தனையும் அவருடைய ஓட்டு. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு கலைந்தது. “ஐயையோ, என்ன பேச்சும்மா இது. நான் அப்படிப்பட்டவனா? அண்ணே, நீங்களே சொல்லுங்க, நான் உங்க வீட்டுல சாப்பிட்டதில்லையா? வீட்டுக்காரிக்குச் சாவுத் தீட்டும்மா. இன்னும் மூணு நாள் கழியல. விளக்கு ஏத்தி வச்சிருக்கிற வீட்டுக்குள்ள நான் எப்படி வர்றது? அந்த விளக்குப் பக்கம் வேணாம்னுதான் வெளியவே நின்னேன்.”

“அடடா” என்று பதறினாள் பூவம்மா. துக்கம் விசாரிக்கிற உபசாரத்துக்குத்தான் கேட்டாள். “யாருங்கய்யா தவறிட்டாங்க?”

பாலகிருஷ்ணன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

கல்யாணம் ஆகிப்போன பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டு என்றால், அது அவளைப் பெற்றவர்களின் சாவுக்குத்தான். நடைபாதையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். இந்த வாரம் சிராங்கூன் சாலை வழியாக ஒரே ஒரு பாடைதான் போனது என்பதும் தெரியும். முந்தாநாள், கொட்டு முழக்கோடு, வடிவேலுவின் அப்பா. மரண அறிவித்தலைப் பிழை திருத்தியவளே பாக்கியம்தான். மகன் வடிவேலு என்று மட்டும்தான் அதில் இருந்தது. மகள் பெயரும் இல்லை, மருமகன் பெயரும் இல்லை. பாலகிருஷ்ணன் ஊர்வலத்தில் நடந்தார். அவர் எல்லோர் வீட்டுச் சாவுக்கும் வருகிறவர் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

மன்றத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்தவர், சபையில் பொய் சொன்னவர், ஏற்றிய விளக்குக்கு முன்னால் தீட்டோடு போய் நிற்க மட்டும் பயந்துவிட்டார்.

கீழே குழாயடியில் தண்ணீர் வாளிக்குள் விழும் சத்தம் கேட்டது. பிறகு நடைபாதையின் அந்தக் கோடியில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கேட்டவர்கள் எல்லோரும் கேட்காதவர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் கதவும் சாத்திய பிறகு பாலகிருஷ்ணன் பேசினார். குரல் முன்னைவிட மென்மையாக இருந்தது.

“அண்ணே, உங்களுக்கு இருமல் எப்படி இருக்கு?”

கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நாளாச்சுல்ல. டாக்டர்கிட்ட நான் சொன்னா நாளைக்கே கூப்பிடுவாங்க. ஆகாதுன்னு ஒரு வரி எழுதிட்டா வேலைக்கு வேணாம்னு சொல்லிருவாங்க. வேலையில இல்லாதவங்களுக்கு மன்றத்து ரூமும் கிடையாது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே? அதுக்குள்ள இப்படி ஆயிட்டா எனக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்.” அவர் பாக்கியத்தைப் பார்த்தார். “படிச்ச பிள்ளை. யோசிச்சுக்க தங்கச்சி.”

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி, கார்க் கதவு சாத்தும் வரை மூவரும் அசையவில்லை.

*

அன்று யாரும் சாப்பிடவில்லை. அப்பா சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தபோது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார், சத்தம் வெளியே போகக் கூடாது என்பது போல.

“நீ பேசாம இருந்துரு ஆத்தா” என்றார். “நான் உன்னைத் திட்டலை. உன் அம்மா கையைப் பார்த்தா எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா ஒரு வருஷம். ஒரே வருஷம் வாயை மூடிக்கிட்டா உனக்கும் ஒரு இடம் பார்த்துரலாம், நாங்களும் எங்கயாவது ஒண்டிக்குவோம்.”

“அதுக்குள்ள இந்த மாடி விழுந்துட்டா?”

“விழாது.”

“குளியலறையும் விழாதுன்னுதான் சொன்னாங்க.”

“உனக்கென்ன, நீ பேசுவே. உனக்கு இங்கிலீஷ் இருக்கு. எனக்கு இந்தக் காக்கியை விட்டா என்ன இருக்கு?” அவர் துண்டை மடித்தார். “என்னை எக்ஸ்ரேல நிக்க வச்சா என்ன வரும்னு எனக்குத் தெரியும். நான் ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே போகாம ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன்.”

அவளுக்கு அது தெரியாது. துண்டை அவர் ஏன் தனியாகவே துவைத்துக்கொள்கிறார் என்பது இப்போதுதான் விளங்கியது. அந்தப் பயம் மற்ற பயங்களையெல்லாம் சின்னதாக்கிவிட்டது. படுத்தபோது தாழ்ப்பாள்கள் விழும் சத்தம் மறுபடி மறுபடி காதில் கேட்டது. எழுதுவதா வேண்டாமா என்று அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். எழுதாமலிருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா ஒரு வருஷம் இருமலை மறைப்பார். பாலகிருஷ்ணன் கை தூக்குவார். அடுத்த தேர்தலுக்கு அவளுக்கு இன்னொரு மாலை வரும், அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மாலை வரை யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

காலையில் எழுந்து, புகாரை ஒரே தாளில் எழுதினாள். பார்த்ததை, கேட்டதை, யார் யார் வாசலில் நின்றார்கள் என்பதை. அவர்கள் ஆமாம் என்று சொல்வார்களா என்று அவளுக்குத் தெரியாது. தன் பெயரைப் போட்டாள். விலாசத்தையும் போட்டாள்.

கோவிந்தசாமி வேலைக்குக் கிளம்பாமல் காக்கியோடு கதவருகே நின்றார். “எங்கே போறே?”

“மன்றத்துக்கு.”

“பாக்கியம்.”

“நாம ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா. மத்தியானம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அவங்க கூப்பிடறதுக்கு முந்தி நாமளே போயிரணும். நான் தலையை அடகு வச்சாவது வைத்தியம் பார்ப்பேன்.”

“வீடு?”

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் கதவை விட்டு நகரவில்லை, தடுக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பின்னால் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. பூவம்மா பழைய சேலை ஒன்றைத் தரையில் விரித்து, அலமாரியிலிருந்த பித்தளைக் குடத்தையும் தட்டுகளையும் ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே நீ?” என்றார் கோவிந்தசாமி.

“கட்டி வைக்கிறேன். அவன் ஆளுங்க வந்து தூக்கி எறிஞ்சா நசுங்கிரும்ல” என்றாள் பூவம்மா. மகளை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒத்தைக் கையால முடிச்சுப் போட வரல. போறவ இதைக் கட்டிக் குடுத்துட்டுப் போகட்டும்.”

பாக்கியம் குனிந்து சேலையின் நான்கு முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள். முடிச்சு நன்றாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைத் தாண்டி நடைபாதைக்கு வந்தாள். சாத்திய கதவுகளுக்கு முன்னால், கம்பியைப் பிடிக்காமல் நடந்து படியிறங்கிப் போனாள்.